விளக்கத்தை எங்கே வைப்பது?

(திரைப்பட ரசனை வகுப்பு ஒன்றின் நிறைவு நாளில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1984 டிசம்பரில் அமெரிக்கத் திரையரங்குகள் சிலவற்றில், டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்தவர்களின் கையில் ஒரு தாளைத் திணித்தார்கள். அச்சடித்த சொற்பட்டியல் அது. அன்றைய படத்தில் வரும் கிரகங்கள், குலங்கள், பட்டங்கள், கருவிகள் இவற்றுக்கெல்லாம் பொருள் போட்டிருந்தது. விளக்கை அணைத்த பிறகு அதை எப்படிப் படிப்பது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. படம், டேவிட் லிஞ்ச் இயக்கிய 'டூன்'. நான் இன்று பேச வந்த சிக்கல் மொத்தமும் அந்த ஒரு தாளில் அடங்கிவிடுகிறது.

புகழ்பெற்ற அறிவியல் புனைகதை ஒன்றைப் படமாக்குகிறார்கள் என்ற செய்தி வந்தால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "அதையெல்லாம் எப்படிக் காட்டப்போகிறார்கள்?" என்று கேட்கிறோம். 400 மீட்டருக்கும் நீளமான மணற்புழுவை எப்படிக் காட்டுவது, சிந்திக்கும் கடலை எப்படிக் காட்டுவது என்று. இந்தக் கேள்விக்கு இன்று விடை கிடைத்துவிட்டது. கணினியில் எதையும் வரையலாம். பணம் இருந்தால் போதும். ஆனால் பணமும் கணினியும் இருந்தும் படங்கள் கவிழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே தடை வேறெங்கோ இருக்கிறது.

சரித்திர நாவலில் குதிரை என்றால் வாசகருக்குத் தெரியும்; கோட்டை என்றால் தெரியும். அறிவியல் புனைகதையிலோ ஒவ்வொரு பொருளையும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊரில் தண்ணீர் ஏன் விலைமதிப்பற்றது, கணிப்பொறி ஏன் இல்லை, ஓர் ஆட்டுக்குட்டியை வளர்ப்பது ஏன் கௌரவம் என்றெல்லாம் சொல்லியாக வேண்டும். நாவலாசிரியருக்கு இதற்கு நூறு வழிகள் உண்டு. அத்தியாயத் தலைப்பில் மேற்கோள் போடலாம், பின்னிணைப்பு சேர்க்கலாம், பாத்திரத்தின் மனத்துக்குள் புகுந்து பேசலாம். புரியாவிட்டால் வாசகர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. காட்சி அவருக்காக நிற்காது.

எனவே இந்த நாவல்களைத் திரைக்குக் கொண்டுவருகிறவரின் முதல் வேலை, விளக்கத்தை என்ன செய்வது என்று முடிவெடுப்பது. வெட்டி எறியலாம். யார் வாயிலாவது போட்டுச் சொல்ல வைக்கலாம். அல்லது, கண்ணும் காதும் நேரடியாகப் பிடித்துக்கொள்ளும் வேறொன்றாக அதை உருமாற்றலாம். முதல் இரண்டும் எளிது. மூன்றாவதைச் செய்தவர்கள்தான் நின்றிருக்கிறார்கள் என்பது என் கட்சி. சில படங்களை எடுத்துவைத்து அதை வாதாடுகிறேன்.

'டூன்' நாவலிலிருந்தே தொடங்குவோம். ஃபிராங்க் ஹெர்பர்ட் இதை 1963 முதல் 1965 வரை 'அனலாக்' இதழில் இரண்டு தொடர்களாக எழுதினார். நூலாக்கப் பல பதிப்பகங்கள் மறுத்தன. கடைசியில் கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் நிறுவனம் 1965இல் வெளியிட்டது. அந்த நாவலின் உயிர் போர்க்களத்தில் இல்லை, பாத்திரங்களின் மண்டைக்குள் இருக்கிறது. ஒருவர் ஒரு வாக்கியம் பேசுவார். எதிரில் இருப்பவர் அந்தக் குரலின் நடுக்கத்தை மனத்துக்குள் அளந்துபார்ப்பார். மூன்றாமவர் அந்த இருவரையும் சேர்த்து அளப்பார். நாவலில் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. அங்கே சாப்பாட்டைவிடக் கணக்குப் போடுதல்தான் அதிகம். லிஞ்சின் படத்திலும் அது இல்லை, பிறகு டெனி வில்நேவ் எடுத்த படங்களிலும் இல்லை. ஏன் இல்லை என்பது புரிகிறதல்லவா?

லிஞ்ச் ஒரு வழி கண்டுபிடித்தார். மண்டைக்குள் ஓடுவதை அப்படியே ஒலிப்பதிவு செய்து, கிசுகிசுப்பாக ஓடவிட்டார். நடிகர் முகத்தைச் சுளிப்பார், உடனே அவருடைய குரலே "இவனை நம்பலாமா?" என்ற தினுசில் கிசுகிசுக்கும். தொடக்கத்தில் இளவரசி இருலானின் முகம் விண்மீன்களுக்கு நடுவே தோன்றி, பிரபஞ்சத்தின் அரசியலை நமக்குப் பாடம் எடுக்கிறது. நாவலின் விளக்கம் எதையும் இழக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் 137 நிமிடத்துக்குள் அவ்வளவையும் அடைத்தபோது, பார்வையாளர் பாடம் கேட்டுக் களைத்துப்போனார். அப்படியும் பற்றாமல்தான் வாசலில் அந்தத் தாள்.

டெனி வில்நேவ் இதே நாவலை இரண்டு படங்களாகப் பிரித்தார். 2021இல் ஒன்று, 2024இல் மற்றொன்று. நேரம் கூடியதால்தான் அவர் வென்றார் என்பார்கள். அது பாதி உண்மை. கிடைத்த நேரத்தை அவர் விளக்கத்துக்குச் செலவிடவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். அந்த உலகில் சிந்திக்கும் எந்திரங்களை மனிதர்கள் எப்போதோ அழித்துவிட்டார்கள். அதனால் கணிப்பொறியின் வேலையைச் செய்யச் சில மனிதர்களைப் பழக்கியிருக்கிறார்கள். நாவலில் இதற்கு வரலாறு இருக்கிறது, பின்னிணைப்பு இருக்கிறது. படத்தில் ஒரு பிரபு, பேரரசரின் தூதர் வந்துபோக எவ்வளவு செலவாகியிருக்கும் என்று தன் ஆலோசகரைக் கேட்கிறார். முதியவரின் விழிகள் ஒரு கணம் வெள்ளையாகச் செருகுகின்றன. துல்லியமான தொகையைச் சொல்கிறார். அவ்வளவுதான். வரலாறு போய்விட்டது, மனிதக் கணிப்பொறி நம் கண் முன்னால் நிற்கிறது.

இன்னொன்று. பாலைவனக் கிரகத்தைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியதை, நாயகன் பால் தன் அறையில் பார்க்கும் பாடப்படம் சொல்கிறது. விளக்கத்தை வீட்டுப்பாடமாக ஆக்கியது ஒரு சாமர்த்தியம். அதோடு நிற்கவில்லை. அவனைக் கொல்ல ஊசி போன்ற சிறு கருவியொன்று அறைக்குள் பறந்து வருகிறது. அது அசைவைக் கண்டால் பாயும். ஒளியால் ஆன செடியொன்றின் பிம்பம் அறை நடுவே நிற்கிறது. பால் அந்தப் பிம்பத்துக்குள் போய் அசையாமல் நின்றுகொள்கிறான். பாடமே பதுங்குமிடமாகிவிட்டது. உருமாற்றம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் வில்நேவ் தோற்ற இடமும் உண்டு. நாவலில் துரோகி யார் என்பதை ஹெர்பர்ட் இரண்டாம் அத்தியாயத்திலேயே பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். மருத்துவர் யூவே துரோகம் செய்யப்போகிறார் என்று நமக்குத் தெரியும். பாலின் குடும்பத்துக்குத் தெரியாது. அவர்கள் தங்களுக்குள்ளேயே சந்தேகப்பட்டு அலையும்போது நாம் கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருக்கிறோம். நம்முடைய தெருக்கூத்தில் துரியோதனன் படுகளம் பார்க்க வந்தவர்களுக்கு முடிவு தெரியாதா என்ன? தெரிந்துகொண்டே பார்ப்பதில் ஒரு கனம் இருக்கிறது. படம் அந்தச் செய்தியை மறைத்துவைத்து, கடைசியில் திடுக்கிட வைக்கிறது. திடுக்கிடல் ஒரு நிமிடம். இழந்ததோ ஒரு துன்பியல்.

இரண்டாம் படத்தில் அவர் செய்தது இதைவிடத் துணிச்சலானது. ஹெர்பர்ட் 'டூன்' எழுதியது ஒரு வீரனைக் கொண்டாட இல்லை. அவதாரபுருஷர்களை நம்பாதே என்று எச்சரிக்க. நாவலில் அந்த எச்சரிக்கை வரிகளுக்கு இடையே கலந்திருக்கிறது. பல வாசகர்கள் அதைத் தவறவிட்டு, பாலை நாயகனாகவே கொண்டாடினார்கள். 1969இல் வந்த 'டூன் மெசையா'வில் ஹெர்பர்ட் அதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. வில்நேவ் அந்த எச்சரிக்கை முழுவதையும் சானி என்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டார். நாவலின் சானி காதலி, பாலுக்குத் துணை நிற்பவள். அவன் அரசியலுக்காக இளவரசியை மணக்கும்போதும் கூடவே இருக்கிறாள். படத்தின் சானிக்குத் தீர்க்கதரிசனத்தில் நம்பிக்கையே இல்லை. கூட்டம் மண்டியிடும்போது அவள் நின்றுகொண்டிருக்கிறாள். கடைசியில் தனியாகப் பாலைவனத்துக்குள் போய்விடுகிறாள். ஆசிரியரின் கருத்து ஒரு மனுஷியின் முகமாகிவிட்டது. இதை நாவலுக்குச் செய்த துரோகம் என்பவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில், ஹெர்பர்ட் சொல்ல வந்ததற்கு இதைவிட விசுவாசமான ஒரு மாற்றம் அந்தப் படத்தில் இல்லை.

அடுத்து, ஒரே கதையை இரண்டு பேர் இரண்டு ஊடகத்தில் ஒரே நேரத்தில் செய்த அபூர்வமான வழக்குக்கு வருகிறேன். ஸ்டான்லி குப்ரிக்கும் ஆர்தர் சி. கிளார்க்கும் 1964இல் நியூயார்க்கில் சந்தித்தார்கள். கிளார்க் 1956 முதலே இலங்கையில் குடியிருந்தவர். 'தி சென்டினல்' என்ற அவருடைய சிறுகதையை விதையாக வைத்து, நாவலும் படமும் கூடவே வளர்ந்தன. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படம் 1968 ஏப்ரலில் வந்தது, நாவல் சில மாதங்கள் கழித்து. நாவலில் விண்கலம் சனிக்குப் போகிறது. சனியின் வளையங்களை நம்பும்படி உருவாக்க முடியாததால் படத்தில் வியாழனுக்குப் போகிறது. தொழில்நுட்பம் தடுத்த இடத்தில் கிரகத்தையே மாற்றிக்கொண்டார்கள், யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. தடை அங்கே இல்லை என்று நான் சொன்னதற்கு இதுவே சாட்சி.

உண்மையான பிரிவு வேறிடத்தில் நடந்தது. குப்ரிக் முதலில் விஞ்ஞானிகளின் பேட்டிகளையே படமாக்கி முன்னுரையாக வைக்க நினைத்தார். பின்னணிக் குரலும் திட்டத்தில் இருந்தது. படத்தொகுப்பில் எல்லாம் போயின. கருங்கல் தூண் ஆதிமனிதனின் மூளையை எப்படிச் சோதித்தது, கடைசியில் வரும் படுக்கையறை எங்கிருந்து வந்தது, ஹால் என்ற கணிப்பொறிக்கு ஏன் புத்தி பேதலித்தது, இவற்றுக்கெல்லாம் கிளார்க்கின் நாவலில் பதில் உண்டு. ஹால் உண்மையே பேசப் படைக்கப்பட்டது. பயணத்தின் நோக்கத்தை மட்டும் பயணிகளிடம் மறைக்கும்படி அதற்குக் கட்டளை. அந்த முரண்பாடுதான் அதை உடைத்தது.

குப்ரிக் இந்தப் பதிலைத் தரவில்லை. பதிலுக்குப் பதில், நாவலில் இல்லாத ஒரு காட்சியைத் தந்தார். விண்வெளி வீரர்கள் இருவரும் ஹாலுக்குக் கேட்காதபடி ஒரு சிறு கலத்துக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஹாலின் கண் வழியாகக் கண்ணாடிக்கு அப்பால் பார்க்கிறோம். ஒலி இல்லை. இரண்டு வாய்கள் மாறி மாறி அசைகின்றன. கணிப்பொறி உதடுகளைப் படித்துக்கொண்டிருக்கிறது. அதன் மனத்தில் என்ன ஓடுகிறது என்று யாரும் சொல்லாமலே அரங்கம் சில்லிட்டுப்போகிறது.

கதை இங்கே முடியவில்லை. கிளார்க் 1982இல் இரண்டாம் பாகத்தை எழுதினார். 1984இல் பீட்டர் ஹயம்ஸ் அதை '2010' என்று படமாக்கினார். இயக்குநர் லாஸ் ஏஞ்சல்ஸில், எழுத்தாளர் கொழும்பில். மின்னஞ்சல் என்ற வழக்கம் பரவாத அந்த நாளில் இருவரும் ஆளுக்கொரு கணினியும் மோடமும் வைத்துக்கொண்டு தொலைபேசிக் கம்பி வழியாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடிதங்கள் பிறகு ஒரு நூலாகவும் வந்தன. இந்த அவையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹாலை உருவாக்கிய விஞ்ஞானி டாக்டர் சந்திரா. '2010' நாவலில் அவருடைய முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. கொழும்பில் குடியிருந்தவருக்கு அந்தப் பெயர் எங்கே கிடைத்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. படத்தில் பிள்ளைவாள் காணாமல் போனார். பாப் பாலபன் என்ற அமெரிக்க நடிகர் சந்திராவாக வந்தார்.

அந்தப் படத்தில் சந்திராவின் வேலை என்ன தெரியுமா? குப்ரிக் சொல்லாமல் விட்டதை வாயால் சொல்வது. ஹால் ஏன் அப்படி நடந்துகொண்டது என்பதைத் தெளிவாக, முறையாக எடுத்துரைக்கிறார். '2010' ஒழுங்கான படம். குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் உதடுகள் அசைந்த காட்சியை ஐம்பது வருடங்களுக்கு மேலாக உலகம் பேசிக்கொண்டிருக்கிறது. சந்திரா தந்த விளக்கத்தை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஒரு படத்தின் தொடக்க இரண்டு நிமிடத்திலேயே முழு நாவலையும் உருமாற்றிய ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' 1953இல் வந்தது. தீயணைப்புப் படை புத்தகங்களை எரிக்கும் நாடு. நாவலில் அந்த நிலை எப்படி வந்தது என்று படைத்தலைவர் நாயகனின் கட்டிலருகே உட்கார்ந்து பக்கம் பக்கமாக வரலாறு சொல்கிறார். 1966இல் இதைப் படமாக்கிய பிரான்சுவா த்ரூஃபோ, தொடக்கத்தில் எழுத்தே போடவில்லை. நடிகர்கள் பெயரையும் தொழில்நுட்பக் கலைஞர்கள் பெயரையும் ஒரு குரல் வாசிக்கிறது. திரையில் வீட்டுக்கூரைகளின் தொலைக்காட்சி ஆன்டெனாக்கள் மட்டும். படிப்பது குற்றமான உலகத்துக்குள் நீங்கள் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள். பிறகு நாயகன் திருட்டுத்தனமாக முதல் புத்தகத்தைத் திறக்கும்போது, தலைப்புப் பக்கத்திலிருந்தே ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை ஓட்டி, எழுத்துக்கூட்டும் பிள்ளையைப்போலப் படிக்கிறான். கட்டிலருகே சொன்ன வரலாறு தேவைப்படவில்லை, அந்த விரல் போதும்.

இதற்கு எதிர்த்திசையில் 'பிளேடு ரன்னர்' நடந்த பாதை. மூலம், பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய நாவல். அணுத்தூசியால் விலங்கினம் பெரும்பாலும் அழிந்துவிட்ட உலகம். உயிருள்ள மிருகம் ஒன்றை வளர்ப்பது கௌரவம், கடமையும்கூட. நாயகன் டெக்கார்டின் மொட்டைமாடியில் இருப்பது மின்சார ஆடு. அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தால் அவமானம். உயிருள்ள மிருகம் வாங்கத்தான் அவன் செயற்கை மனிதர்களை வேட்டையாடிப் பணம் சேர்க்கிறான். 1982இல் ரிட்லி ஸ்காட் படமாக்கியபோது இந்த விலங்குக் கதை கிட்டத்தட்ட முழுதும் உதிர்ந்தது. ஆனால் யார் மனிதன், யார் எந்திரம் என்று கண்டறியும் சோதனைக் கேள்விகளில் விலங்குகள் தங்கிவிட்டன. பாலைவனத்தில் கவிழ்ந்து கிடக்கும் ஆமையை நீ ஏன் திருப்பிவிடவில்லை என்று ஒருவரைக் கேட்கிறார்கள். ஏன் ஆமை? படம் சொல்லவில்லை. காரணம் தெரியாததால்தான் அந்தக் கேள்வி அவ்வளவு துருத்திக்கொண்டு நிற்கிறது.

முன்னோட்டக் காட்சிகளில் மக்களுக்குப் புரியவில்லை என்று தயாரிப்புத் தரப்பு பயந்தது. ஹாரிசன் ஃபோர்டை வைத்துப் பின்னணிக் குரல் பதிவு செய்து, படம் நெடுக ஒட்டினார்கள். 1992இல் வந்த இயக்குநர் பதிப்பில் அந்தக் குரல் நீக்கப்பட்டது. 2007இல் வந்த இறுதிப் பதிப்பிலும் இல்லை. குரலை எடுத்ததும் படம் புரியாமல் போய்விடவில்லை. மழையும் விளம்பர விளக்குகளும் நெரிசலும் அந்த நகரத்தின் கதையை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தன. குரல்தான் குறுக்கே பேசிக்கொண்டிருந்தது.

இவ்வளவு நேரம் நான் சொன்னதைக் கேட்டு, விளக்கம் என்றாலே சுமை, இறக்கிவைத்தால் படம் பறக்கும் என்று நீங்கள் முடிவுகட்டியிருந்தால், அதை மறுக்கும் ஒரு நாவலை நானே முன்வைக்கிறேன். போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் 1961இல் எழுதிய 'சொலாரிஸ்'. ஒரு கிரகம் முழுக்க ஒரே கடல், அந்தக் கடல் ஒருவேளை சிந்திக்கிறது. ஆய்வு நிலையத்துக்கு வரும் நாயகன் கெல்வின் முன் தற்கொலை செய்துகொண்ட அவன் மனைவி உயிரோடு வந்து நிற்கிறாள். இது கதையின் ஒரு பாதி. மறுபாதி நூலகத்தில் நடக்கிறது. அந்தக் கடலைப் பற்றி மனிதர்கள் பல தலைமுறைகளாக எழுதிக் குவித்த ஆய்வுகள், அதன் வடிவங்களுக்கு வைத்த பெயர்கள், ஒன்றையொன்று வெட்டும் கோட்பாடுகள். அவ்வளவும் படித்த பிறகும் கடல் என்ன என்று யாருக்கும் தெரியாது. விளக்கம் தோற்றுப்போவதுதான் அங்கே கதை.

1972இல் ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி இதைப் படமாக்கினார். லெம்மின் நாவல் கெல்வின் விண்கலத்திலிருந்து சொலாரிஸ் ஆய்வு நிலையத்துக்கு இறங்கப் புறப்படும் கணத்தில் தொடங்குகிறது. தார்க்கோவ்ஸ்கியோ அதற்கு முன்னால் தந்தையின் வீடு, குளம், மழை என்று நீண்ட பூமிப் பகுதியைச் சேர்த்தார். படத்திலும் ஒரு நூலகம் உண்டு. ஆனால் அதன் சுவரில் புரூகலின் ஓவியங்கள், கையில் 'டான் கிஹோத்தே'. கடலைப் பற்றிய ஆய்வுகளின் இடத்தைப் பூமியின் கலை பிடித்துக்கொண்டது. லெம்முக்குக் கோபம். தன் நாவலை எடுக்காமல் இவர் 'குற்றமும் தண்டனையும்' எடுத்துவிட்டார் என்ற பொருளில் குறைப்பட்டுக்கொண்டார். 2002இல் ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்தபோது கடல் இன்னும் பின்னால் தள்ளப்பட்டு, கணவன் மனைவி மட்டுமே மிஞ்சினார்கள். லெம்முக்கு அதுவும் உவப்பாக இல்லை.

யார் பக்கம் நியாயம்? தார்க்கோவ்ஸ்கியின் படம் உலக சினிமாவின் பெரும் படைப்புகளில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் லெம்மின் வழக்கும் வலுவானது. அறிவு தன் எல்லையில் முட்டி நிற்பதைப் பற்றிய ஒரு நாவலை, மனசாட்சியைப் பற்றிய படமாக மாற்றிவிட்டார்கள். நூலகத்தின் தோல்வியைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய ஒரு வழியை இன்னும் எந்த இயக்குநரும் கண்டுபிடிக்கவில்லை. உங்களில் யாராவது கண்டுபிடிக்கலாம்.

இப்போது தொடர்களின் காலம். பத்து மணி நேரம் கிடைக்கிறதே, இனி சிக்கல் தீர்ந்தது என்கிறார்கள். ஐசக் அசிமவின் 'ஃபவுண்டேஷன்' 2021 முதல் தொடராக வருகிறது. தனி மனிதர்கள் எப்படி நடந்துகொண்டாலும் பெருங்கூட்டத்தின் வரலாற்றைக் கணிதத்தால் கணிக்கலாம் என்பது அந்தக் கதைகளின் கரு. காலம் தாவுகிறது, அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆட்கள் மாறுகிறார்கள். தொடருக்கோ வாராவாரம் அதே முகங்கள் வேண்டும். அதற்காக நாவலில் இல்லாத ஒன்றைப் படைத்தார்கள்: தன்னையே நகலெடுத்து நூற்றாண்டுகளாக ஆளும் பேரரசர். குழந்தை, நடுவயதினர், முதியவர் என்று மூன்று வயதில் ஒரே ஆள். முகம் மாறுவதில்லை, ஆனால் அங்கே தனி மனிதர் என்று எவரும் இல்லை. அசிமவின் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான உடல் கிடைக்காது. அதே தொடர் மறுபக்கத்தில், விசேஷ சக்திகொண்ட சிலர் கையில் வரலாற்றை ஒப்படைத்து அந்தக் கருத்தையே கவிழ்க்கிறது. நேரம் கூடினாலும் கேள்வி அதேதான்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம்மிடமும் படமாகக் காத்திருக்கும் கதைகள் உண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். ஜீனோ என்ற இயந்திர நாயை இன்று யாரும் தத்ரூபமாகச் செய்துவிடலாம். ஆனால் சுஜாதா கதையில் பாதிச் சுவை கதைசொல்லியின் குறும்பில் இருக்கிறது. ஒரு விஞ்ஞான விஷயத்தை அரை வரியில் கண்சிமிட்டிச் சொல்லிவிட்டு நகரும் அந்த நடையில் இருக்கிறது. படமெடுக்க உட்காருகிறவர் முதலில் நாயின் பொம்மையை வரையாமல், அந்தக் குறும்பு படத்தில் யாரிடம், எதனிடம் போய்ச் சேரப்போகிறது என்று எழுதிப் பார்க்கட்டும். பார்வையாளர்களாகிய நாமும், அடுத்த முறை அரங்கைவிட்டு வெளியே வரும்போது, நாவலில் இருந்த எது படத்தில் இல்லை என்று பட்டியல் போடுவதை விட்டுவிடலாம். இல்லாமல் போன பக்கத்தின் வேலையை இப்போது படத்தில் எது செய்கிறது என்று கேட்போம். விடை ஒரு முகமாகவோ ஓர் ஒலியாகவோ கிடைத்தால் படம் நாவலைப் படித்திருக்கிறது. ஒன்றும் கிடைக்காவிட்டால், அட்டையை மட்டும் பார்த்திருக்கிறது.